ஹீமோகுளோபின் 12 இருக்கும்போது இரும்பு மாத்திரை எதற்கு?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 37. தேனி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். ஒரு வருடமாக ஓயாத அசதி. இரவில் படுத்ததும் கால் குடைச்சல் எடுக்கிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, யாரும் பார்க்காதபோது பல்பம் கடிக்கிறேன். மாதவிலக்கு 7 நாள் நீடிக்கும், முதல் மூன்று நாள் மிக அதிகம். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 7 என்று வந்தது. மூன்று மாதம் இரும்பு மாத்திரை எழுதித் தந்தார்கள். காலைக் காபி குடித்ததும் போட்டு வந்தேன். மலம் கறுப்பாகப் போனதில் பயந்து பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். "அதெல்லாம் சூடு, பீட்ரூட் சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்கிறார் அம்மா.

என் மாமியாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கு ஃபெரிட்டின் 180, ஆனாலும் நரம்பில் இரும்பு ஊசி போடுகிறார்கள். 7 இருக்கும் எனக்கோ வெறும் மாத்திரை. அக்கா மகனுக்கு ஒன்றரை வயது. அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாரித்துப்போகிறான். அவனுக்கும் இரும்பு சிரப். நான் நிறுத்திய மாத்திரையை வீணாக்க வேண்டாம் என்று 46 வயதாகும் என் கணவர் போடுகிறார், அவருக்கும் அசதியாம். பள்ளியில் வாராவாரம் மாணவிகளுக்கு நீல மாத்திரை கொடுப்பதும் நான்தான். எல்லாருக்கும், எல்லா வியாதிக்கும் ஒரே மருந்தா? மருந்துக் கம்பெனிகளுக்காக எழுதித் தருகிறார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. உங்கள் கணவர் அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்தட்டும். நீங்கள் நாளை முதல் மறுபடி தொடங்குங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

பல்பம் கடிப்பதை எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். பச்சரிசி, சாம்பல், விபூதி, அடுப்பு மண், ஐஸ் கட்டி என்று ஆளுக்கு ஆள் பொருள் மாறும். அடியில் இருப்பது பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறை. பிள்ளைத்தாய்ச்சி சாம்பல் தின்றால் மசக்கை ஆசை என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அப்படிச் சிரித்துவிட்டுப் போனதில் எத்தனை பெண்களின் சோகை கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கெட்ட பழக்கமும் இல்லை. இரும்பு உள்ளே போகத் தொடங்கினால், பலருக்கு ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே அந்த ஆசை தானாக விட்டுப்போகும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதை அவரிடமும் சொல்லுங்கள்.

இப்போது அந்த 12.1-க்கு வருவோம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 12. அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறீர்கள், அதனால் அறிக்கையில் 'நார்மல்' என்று வந்துவிட்டது. ஆனால் ஹீமோகுளோபின் கதையின் பாதியைத்தான் சொல்லும்.

பெரியவர் ஒருவரின் உடம்பில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம், ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாகச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பாக உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் தசைகளிலும், செல்கள் ஆற்றல் உண்டாக்க உதவும் நொதிகளிலும் உண்டு. குதிரில் நெல் குறைந்துகொண்டே வந்தாலும் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். குதிரின் அடி தெரிந்த பிறகே பானையில் சோறு குறையும். ஹீமோகுளோபின் பானை, ஃபெரிட்டின் குதிர். பெண்ணுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவர்கள் பலர் 30-க்குக் கீழே வந்தாலே சிகிச்சை தொடங்கிவிடுவோம். உங்களுடையது 7. குதிரைத் துடைத்து எடுத்தாகிவிட்டது.

அதனால்தான் சோகை வருவதற்கு முன்பே அசதி வருகிறது. உடம்பு இருக்கிற இரும்பையெல்லாம் சிவப்பணுக்களுக்கே முதலில் கொடுக்கும், மற்ற இடங்கள் காய்ந்துபோகும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் உங்களைப் போல ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்து, ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த ஏறத்தாழ 200 பெண்களுக்கு 12 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். இரும்பு எடுத்தவர்களின் அசதி 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 29 சதவீதம் குறையத்தான் செய்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வித்தியாசம் உண்மையானது, உங்கள் ஃபெரிட்டினோ அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது.

கால் குடைச்சலும் இதே வீட்டுப் பிள்ளைதான். ஓய்வாகப் படுத்தால் வருவது, அசைத்தால் அடங்குவது, இரவில் கூடுவது என்று நீங்கள் எழுதியிருப்பதை ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் எக்பம் 1945-இலேயே விவரித்துவிட்டார். உடம்பின் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் உண்டாக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75 வரை இருந்தால்கூட, சோகையே இல்லாவிட்டாலும், இரும்பு கொடுத்துப் பார்க்கிறோம். இத்தனை வருடம் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து சத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, குதிர் ஏன் காலியானது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகப்போக்கு என்பது மருத்துவக் கணக்கு. அதில் மட்டும் மாதம் 40 மில்லிகிராம் வெளியே போகிறது, நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல். தோல், குடல் வழியாக எல்லாருக்கும் உதிர்வது இன்னொரு மில்லிகிராம். இரண்டையும் ஈடுகட்ட வேண்டும் என்றால் தினமும் 2 மில்லிகிராமுக்கு மேல் குடல் உறிஞ்ச வேண்டும். சோறு, பருப்பு, காய் என்று சாப்பிடும் நம் உணவிலிருந்து குடலுக்கு அவ்வளவு கிடைப்பது கஷ்டம். போதாததற்கு இரண்டு பிரசவம். ஒரு கர்ப்பத்தைத் தாங்கவே ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உங்கள் கடன் ஒரு வருடத்துக் கடன் இல்லை, பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்தது.

அதனால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. ஓட்டை அடைபடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதில் என்ன பயன்? மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டும் பார்க்கட்டும். போக்கைக் குறைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. "பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பீட்ரூட் பற்றி அம்மா சொன்னதை நான் கிண்டல் செய்ய மாட்டேன், அக்கறையில் சொல்கிறார். ஆனால் அந்தச் சிவப்பு ஒரு தாவர நிறமியின் சிவப்பு. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பும் முருங்கைக்கீரையும் அதைவிட எவ்வளவோ மேல். கீரையின் மேல் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இன்னும் கொஞ்சம் உறிஞ்சப்படும். அசைவம் உண்டு என்றால் ஈரலும், ஊரில் சுவரொட்டி என்று வாங்குவோமே அந்த ஆட்டு மண்ணீரலும் மிக நல்லவை. நம் பாட்டிமார் இளைத்த பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கிவந்து கொடுத்தது சரியான வைத்தியம். ஆனாலும் உணவு நாளைய செலவுக்குத்தான் காணும். பழைய கடனை அடைக்க மாத்திரை வேண்டும். 60 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும் 6 மில்லிகிராம். எந்தச் சாப்பாட்டிலும் ஒரு நாளில் அவ்வளவு உறிஞ்ச முடியாது.

கம்பெனி விற்பனை என்ற சந்தேகம் நியாயமானதுதான், தேவையில்லாத டானிக்குகள் இந்த நாட்டில் ஏராளமாக விற்கத்தான் செய்கின்றன. ஆனால் இரும்பு உப்பு மிகப் பழைய, மிக மலிவான மருந்து. 1832-லேயே பிரான்சில் ப்ளோ என்ற மருத்துவர் ஃபெரஸ் சல்பேட் வைத்து மாத்திரை செய்து, வெளுத்துப்போன இளம்பெண்களுக்குக் கொடுத்துக் குணம் கண்டார். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் எடுத்துத் தருவதும் அதே ஃபெரஸ் சல்பேட்தான். சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் பாண்டு நோய்க்கு, அதாவது சோகைக்கு, கொடுக்கப்படுகிறது. (அதற்காக அன்னபேதியை வாங்கி வீட்டில் கரைத்துக் குடிக்க வேண்டாம்.) ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையும் இதே குடும்பம்தான்.

நீங்கள் மாணவிகளுக்குக் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்பதால் அது சிகிச்சை அளவு இல்லை, குதிர் காலியாகாமல் காக்கும் அளவு. பரிசோதிக்காமலே எல்லாருக்கும் கொடுக்கக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் சோகை இருந்தது. நீங்கள் மாத்திரையை நிறுத்தியது உங்கள் மாணவிகளுக்குத் தெரிந்தால் அவர்களும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். உங்கள் உடம்புக்காக மட்டுமல்ல, அவர்களுக்காகவும் தொடருங்கள்.

உங்கள் மாமியார் விஷயம் வேறு. சிறுநீரகம் கழிவை மட்டும் வடிப்பதில்லை, எலும்பு மஜ்ஜையைப் பார்த்து 'சிவப்பணு செய்' என்று சொல்லும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனையும் அதுதான் சுரக்கிறது. சிறுநீரகம் பழுதானால் அந்த ஆணை நின்றுபோகும். ஆணையை ஊசியாகப் போட்டாலும் சிவப்பணு செய்ய இரும்பு வேண்டுமே. டயாலிசிஸ் குழாயிலும் வடிகட்டியிலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரத்தம் தங்கிப்போகிறது, வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு கிராம் இரும்புக்கு மேல் போய்விடும்.

அப்படியென்றால் 180 எப்படி வந்தது? ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தே கால் நூற்றாண்டுதான் ஆகிறது. இரும்பு குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும் கதவையும், சேமிப்பிலிருந்து வெளியே வரும் கதவையும் பூட்டுவது அதன் வேலை. கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும் என்பதால் நோய்த்தொற்று, அழற்சி என்று ஏதாவது வந்தால் உடம்பு இரும்பை ஒளித்துவைத்துக்கொள்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோயில் இந்தப் பூட்டு விழுந்தது விழுந்தபடியே இருக்கும். குதிரில் நெல் இருக்கிறது, சாவிதான் இல்லை. அழற்சியில் ஃபெரிட்டினும் தன்பாட்டுக்கு ஏறும், அதனால் அவருடைய 180-ஐ உங்கள் 7-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. அவருக்குப் பார்க்க வேண்டியது டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற எண். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் வண்டி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று அது காட்டும். 20-க்குக் கீழே இருந்தால் மஜ்ஜைக்குச் சரக்கு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். குடல் கதவு பூட்டியிருக்கும்போது மாத்திரை கொடுத்துப் பெரிய பலன் இல்லை, அதனால் நேராக ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஊசி போடும் நாளில் அவருக்குக் காய்ச்சலோ சீழ்ப்புண்ணோ இருந்தால் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், தொற்று தணியும்வரை தள்ளிவைப்பார்கள்.

இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இரும்பு ஏற்றுவதும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான். 2009-இல் வெளியான ஃபேர் ஆய்வில் ஊசியாகக் கொடுத்த இரும்பு அவர்களின் நடையையும் தெம்பையும் கூட்டியது. 2017-இல் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அக்கா மகனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அழுது மூச்சடங்கி நீலமாகும் குழந்தைகள் பலருக்கு இரும்பு குறைந்திருக்கும், அதைச் சரிசெய்தால் அந்த நிகழ்வுகள் குறையும் என்பது நன்றாகத் தெரிந்த ஒன்று. அவன் சோறு தின்னாமல் பசும்பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிற பிள்ளையா என்று அக்காவிடம் கேளுங்கள். பாலில் இரும்பு மிகக் குறைவு, இருப்பதையும் உறிஞ்ச விடாது. சிரப்பைப் பல்லில் படாமல் நாக்கின் பின்பக்கமாக விட்டுத் தண்ணீர் கொடுத்தால் பல் கறுக்காது.

இனி உங்கள் கணவர்.

ஆணுக்கு மாதவிலக்கு இல்லை, பிரசவம் இல்லை. நாளைக்கு ஒரு மில்லிகிராம்தான் இழப்பு. அவருக்கு இரும்பு குறைகிறது என்றால் எங்கோ ரத்தம் கசிகிறது, இல்லை குடல் உறிஞ்சவில்லை. மூலம், வயிற்றுப்புண், மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள், வெறுங்காலோடு வயலில் நடப்பதால் வரும் கொக்கிப்புழு என்று காரணம் சாதாரணமானதாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். பல வருடத்துக்கு முன் ஐம்பதைக் கடந்த ஒருவர் என்னிடம் வந்தார். எட்டு மாதம் தானாகவே இரும்பு டானிக் குடித்திருந்தார். ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறியதும் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டார். உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த எட்டு மாதத்தை என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை. கணவரின் மாத்திரை பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

இரும்பே குறையாமலும் ஹீமோகுளோபின் குறையலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுச் சுமப்பவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிறுத்து, ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவே ஆயுள் முழுக்க இருக்கும். அது அவர்களின் இயல்பு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வருடக்கணக்கில் இரும்பு விழுங்குபவர்கள் உண்டு. வேண்டாத இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழியே இல்லை, சிறுநீரிலும் போகாது. அது ஈரலிலும் இதயத்திலும் கணையத்திலும் போய்ப் படியும். உங்கள் கணவருக்கு முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்க்கட்டும். ஃபெரிட்டின் குறைவாக வந்தால், மாத்திரை ஒருபக்கம் இருக்கட்டும், குடல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

இப்போது நீங்கள் மாத்திரை எடுக்கும் விதம். காபியோடு எடுத்ததில் பாதிப் பலன் அங்கேயே போய்விட்டது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எல்லாம் இரும்பை உறிஞ்ச விடாமல் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு, முடிந்தால் எலுமிச்சை ஜூஸோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். குமட்டினால் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம், உறிஞ்சுவது குறையும், ஆனால் நிறுத்துவதைவிட அது மேல். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் விட வேண்டும்.

வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மேலே சொன்ன ஹெப்சிடின் ஒரு மாத்திரை போட்டாலே ஏறி, மறுநாள்வரை கதவை அரைகுறையாகச் சாத்திவைக்கும். 2017-இல் சூரிக் நகரில் உங்களைப் போலச் சோகை இல்லாமல் இரும்பு மட்டும் குறைந்த பெண்களிடம் சோதித்தார்கள். தினமும் எடுத்தவர்கள் மாத்திரையில் 16 சதவீதம் இரும்பை உறிஞ்சினார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்கள் 22 சதவீதம். காலையும் மாலையும் இரண்டு வேளை எடுத்தால் சீக்கிரம் ஏறும் என்பது பலரின் நினைப்பு. வயிறு கெடுவதுதான் மிச்சம்.

மலம் கறுப்பாகப் போவது உறிஞ்சப்படாத இரும்பு குடலில் நிறம் மாறுவதால். உடம்பில் சூடு ஏறியதாலும் இல்லை, ரத்தம் கெட்டதாலும் இல்லை. தார் மாதிரி பளபளப்பாக, ஒட்டும் பிசுபிசுப்போடு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால்தான் அது குடலில் ரத்தக் கசிவு. அப்படி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைத்தண்டு. அடங்காவிட்டால் வேறு வகை இரும்பு உப்புக்கு மாற்றித் தருவார்கள். கர்ப்பிணி எடுத்தால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று உங்கள் ஊரிலும் சொல்வார்கள். மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மூன்று மாதம் முடியும்போது ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். அசதி சில வாரங்களிலேயே குறையத் தொடங்கலாம். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், குதிரில் அப்போதுதான் முதல் படி நெல் விழுந்திருக்கும். மூன்று மாதத்திலும் ஏறாவிட்டால் மாத்திரையைக் குறை சொல்லாமல், போக்கு நின்றதா, குடல் உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஊசி உங்களுக்கும் தேவைப்படலாம்.

கடைசியாக, மாத்திரை அட்டை இப்போது வீட்டில் எங்கே இருக்கிறது? மேசையிலோ கைப்பையிலோ இருந்தால் இதைப் படித்ததும் எழுந்துபோய்ப் பூட்டும் அலமாரியில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் ஒன்றரை வயதுக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அக்கா மகன் விடுமுறைக்கு வருவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். அக்கா வீட்டில் சிரப் பாட்டில் எங்கே இருக்கிறது என்றும் இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.